சிவப்பு வட்டம் போட்ட பொட்டலம்

ஜனவரி 4, வியாழன்

தேங்காய்க் களத்து முதலாளி என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி இது. சாமி அலமாரியில் சும்மா கிடந்தது. பெரியாஸ்பத்திரியில் எய்ட்ஸுக்கு ரத்தம் பார்க்கிற நம்பிக்கை மையத்து மேடம், "மாத்திரை போட்டது, வாந்தி, கிறுகிறுப்பு எதுன்னாலும் அன்னன்னைக்கே எழுதி வைங்க" என்றார். பத்தாவது பாஸ் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன். சும்மா விடுவார்களா? வீட்டுக்காரர் எடுத்துப் படித்துவிடுவாரோ என்ற கவலை இல்லை. இவர் எழுத்துக்கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

நடந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். நகராட்சியில் எனக்குத் தூய்மைப் பணி. மயிலாத்தாக்கா பேட்டரி வண்டி ஓட்டுவாள், நான் இறங்கி வீடு வீடாக வாங்குவேன். மக்குகிற குப்பை பச்சை டப்பாவுக்கு, மக்காதது நீல டப்பாவுக்கு, பொட்டலம் தனிச் சாக்குக்கு. பொட்டலம் என்றால் பெண்களின் நாப்கின். அதைப் பேப்பரில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டுத் தரவேண்டும். வட்டத்தைப் பார்த்தால் யாரும் பிரிக்க மாட்டோம், நேராக எரிக்கிற உலைக்குப் போய்விடும். இந்தப் பழக்கத்தை எங்கள் மூன்று தெருவுக்கும் ஏற்படுத்தியவள் இந்தத் தெய்வானைதான். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் சாம்பாரோடு கலந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

நேற்று சாக்கு நிறைந்துவிட்டதென்று கையால் அமுக்கினேன். இடது நடுவிரலில் சுருக்கென்றது. ரப்பர் உறைக்குள் ரத்தம். எந்தப் பொட்டலம் என்று தேடிக் கிழித்தால், உள்ளே நாப்கினே இல்லை. ஒரு பிடி பஞ்சு, மூடியில்லாத மெல்லிய சிரிஞ்சு ஒன்று.

பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன். மேடம் ரத்தம் எடுத்தார், மாத்திரை கொடுத்தார். "இது ஆரோட ஊசின்னு தெரிஞ்சா அவங்க ரத்தத்தைப் பாத்துரலாம். ஒண்ணுமில்லைன்னா மாத்திரையை நிறுத்திக்கலாம். தெரியலைன்னா மாசம் முச்சூடும் போடோணும். அப்பறம் ஒன்றரை மாசத்துல ஒரு டெஸ்ட், மூணாம் மாசம் ஒண்ணு."

"அதுவரைக்குமுங்க?"

"அதுவரைக்கும் வீட்டுக்காரர்கிட்டக் கொஞ்சம் ஜாக்கிரதையா இருங்க."

எனக்கு ஒன்றும் பயமில்லை. எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன்.

ஜனவரி 5, வெள்ளி

மாத்திரை போட்டேன். வாயெல்லாம் கசப்பு.

இவர் பார்த்துவிட்டு என்ன மாத்திரை என்றார். ரத்தம் கம்மியாம் என்றேன். "என்ர ரத்தத்தையும் சேத்துக் குடிக்கறவளாச்சே, உனக்கெப்பிடிக் கம்மியாச்சு" என்று சிரித்தார். தைப்பூசத்துக்குப் பழனி நடக்க நேர்ந்திருக்கிறேன், அதுவரை விரதம், தகராறு பண்ணாமல் பாயை வெளியில் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தால், தானும் மாலை போட்டுக்கொண்டு கூடவே நடக்கிறாராம். முருகா, உன்னை வைத்துப் பொய் சொல்லிவிட்டேன்.

மகள் நித்யா என் சீப்பை எடுத்தாள். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன். சீப்பால் எல்லாம் வராது என்று மேடம் சொன்னார்தான். இருந்தாலும் என் சீப்பு, சோப்பு, துண்டு, நகவெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டிவிட்டேன். சுத்தமாக இருப்பது எப்போதும் நல்லதுதானே.

ஜனவரி 6, சனி

இன்று தெருவையே ஒரு வழி பண்ணிவிட்டேன்.

பிள்ளையார் கோயில் முக்கில் வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன். "நாளையிலிருந்து பேப்பர்ல சுத்தற வேலை வேண்டாமுங்க. பொட்டலம் எதுவா இருந்தாலும் கண்ணாடிக் கவர்ல போட்டு என்ர கையில குடுக்கோணும். நான் பிரிச்சுப் பாத்துத்தான் வாங்குவேன். எந்த ஊட்டுல ஊசி வருதுன்னு எனக்குத் தெரிஞ்சாகோணும். தெரியற வரைக்கும் உட மாட்டேன்."

ஆம்பளைகள் ஸ்கூட்டரை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். பச்சை கேட் வீட்டுச் சாந்தாமணியம்மாளுக்குத்தான் முகம் சுருங்கியது. "ஏ தெய்வான, என்னடி இது அசிங்கம்? பொம்பளைக சமாச்சாரத்தை நடு ரோட்டுல பிரிப்பியா?"

"குத்துனா எனக்குத்தானுங்களே அம்மா குத்துது."

"எங்க ஊட்டுல ஊசி போடற அளவுக்கு ஆருக்கும் ஒண்ணுமில்ல" என்று உள்ளே போய்விட்டார். கேட்டுக்குப் பின்னால் அவர் மருமகள் மிதுனா குப்பைக் கூடையோடு நின்றிருந்தாள். கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். புருஷன் பெங்களூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். தெருவில் என்னை அக்கா என்று கூப்பிடுகிற ஒரே பிள்ளை. கூடையிலிருந்த பொட்டலத்தை எடுத்து மெதுவாக முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். பாவம், கூச்சம். கத்தியது அந்தப் பிள்ளைக்கும் சேர்த்துத்தானா என்று ஒரு நிமிஷம் சங்கடமாக இருந்தது.

மாத்திரை போட்டேன். ஒரு தடவை வாந்தி.

ஜனவரி 8, திங்கள்

மாத்திரை. கிறுகிறுப்பு.

எல்லா வீட்டுப் பொட்டலத்தையும் பிரித்தேன். இடுக்கி வாங்கி வைத்திருக்கிறேன். ஊசி இல்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார்கள், நிற்கட்டும்.

எனக்குச் சந்தேகம் லாரி டிரைவர் வீட்டு மேல்தான். அவர் வடநாடு போனால் இருபது நாள் வருவதில்லை. எங்கெங்கே தங்குகிறாரோ, என்னென்ன கொண்டுவந்து அந்தம்மாவுக்குக் கொடுத்தாரோ. இன்று அந்த வீட்டு டப்பாவை உறைமேல் உறை போட்டுக்கொண்டு வாங்கினேன். மயிலாத்தாக்கா பார்த்துவிட்டு, "அது சக்கரை ஊசியா இருக்கும் புள்ள, நீ என்னத்தையோ நெனச்சுச் சாகற" என்றாள். தெருவில் சர்க்கரை உள்ளவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாதா? மூன்று தெருவிலும் எந்தக் கிழம் எந்த மாத்திரை தின்கிறது என்பது அட்டையைப் பார்த்தே சொல்வேன். ஊசி போடுகிறவர் ஒருத்தரும் இல்லை. அதுவும் பொட்டலம் கட்டுகிற வயதில் யாருக்குச் சர்க்கரை வரும்?

ஜனவரி 9, செவ்வாய்

மாத்திரை. ஊசி இல்லை. பயந்துவிட்டார்கள். நல்லது.

ஜனவரி 11, வியாழன்

ஊசி நின்றது நல்லதுதான், ஆனால் யாருடையது என்று தெரியாமல் போய்விடுமே என்ற எண்ணம் இன்றுதான் வந்தது. ஊசிக்காரர் கிடைத்தால்தானே ரத்தம் பார்க்க முடியும். நானே விரட்டிவிட்டேனோ?

நித்யா ஸ்கூலிலிருந்து வந்து கட்டிக்கொள்ள வந்தாள். வேர்வை நாற்றம், போய்க் குளி என்று தள்ளிவிட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்? இவருக்குச் சோறு வடிக்கக்கூடத் தெரியாது. ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. இதை எழுதியிருக்கக் கூடாது.

பச்சை கேட் வீட்டில் இன்று நீல டப்பா நிறையத் தண்ணீர்ப் பாட்டில், ஜூஸ் பாட்டில். இந்தக் குளிரில் யார் இவ்வளவு குடிக்கிறார்கள் என்றேன். "எனக்குத்தாங்க்கா, ஒரே தாகமா இருக்குது" என்றாள் மிதுனா. கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது.

அந்த வீட்டிலிருந்து மாதம் முழுக்கப் பொட்டலம் வரும். இந்தப் பிள்ளைக்கு ஏதோ பெரும்பாடு, சொல்ல வெட்கப்படுகிறாள் என்று நான் முன்பே நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன். இப்போது ஐந்தாறு நாளாக ஒரு பொட்டலமும் இல்லை.

ஜனவரி 12, வெள்ளி

பத்து நாளில் இன்றுதான் ஒரு நல்ல சமாச்சாரம். மிதுனா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சொருகியது. வாந்தி வருகிறதா என்றேன், ஆமாம் என்றாள். களைப்பா, ஆமாம். அடிக்கடி ஒன்றுக்கு வருகிறதா, ஆமாம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொட்டலம் நின்றதற்கும் இதற்கும் சரியாக வந்துவிட்டது.

சாந்தாமணியம்மாள் தனியாக வந்தபோது மெதுவாகச் சொன்னேன். "அம்மா, உங்க ஊட்டுல பொட்டலம் வர்றதில்லீங்க. நல்ல சேதிங்களா?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. என்னைப் பத்து வருஷமாக ஏ என்று கூப்பிட்ட வாய், "உன்ர வாக்குப் பலிக்கட்டும் தெய்வான" என்றது. "எனக்கும் சம்சயம்தான். நாள் தள்ளிப்போச்சுன்னு அவளும் சொன்னா. பொங்கல் கழியட்டும், இப்பவே ஆஸ்பத்திரி அது இதுன்னு போனாக் கண்ணு பட்டுரும்."

மிதுனா ஜன்னலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கம் போலிருக்கிறது. அவளுக்கு ஒரு உயிர் வளர்கிறது, எனக்குள் என்ன வளர்கிறதோ.

மாத்திரை போட்டேன்.

ஜனவரி 14, போகி

பழைய பாய், கிழிந்த மெத்தை, டயர், உடைந்த டிவி. மூன்று நடை அடித்தும் தீரவில்லை. புகையில் தொண்டை கமறியது. இருமல் வந்தால்கூட இப்போது உடம்பைத் தடவிப் பார்க்கிறேன். கழுத்தில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை. இருந்ததுபோலவும் இருக்கிறது.

ஜனவரி 15, பொங்கல்

சாந்தாமணியம்மாள் வீட்டில் இரட்டைப் பொங்கல். வண்டி நிறையக் கரும்புச் சக்கை. மருமகளை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, இலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல். "நெய்யோட தின்னு கண்ணு, ரெண்டு உசுருக்குத் திங்கோணும்" என்று அவரே ஊட்டிவிட்டார். அதிரசம், கச்சாயம், எல்லாம் தட்டு நிறைய. அந்தப் பிள்ளை ஒவ்வொரு வாயையும் மருந்து விழுங்குவதுபோல விழுங்கியது. மசக்கையில் அப்படித்தான் இருக்கும்.

எனக்கும் ஒரு தூக்கு நிறையப் பொங்கல் கொடுத்தார்கள். வீட்டில் நான் தனித் தட்டில் போட்டுத் தின்றேன். இவர் பார்த்தார். "விரதம்னா பொங்கலுக்குமா தனித் தட்டு?" என்றார். தட்டைக் கழுவித் தனியாகக் கவிழ்த்து வைத்தேன்.

ஜனவரி 18, வியாழன்

மாத்திரை. லாரி டிரைவர் ஊருக்கு வந்திருக்கிறார். மனுஷன் திடமாக, சிரித்துக்கொண்டு, எனக்குக் கரும்பு கொடுத்தார். வாங்கவா வேண்டாமா என்று நின்றேன். அவர் மனைவி கவனித்துவிட்டார். நாளைக்கு அந்தத் தெருவுக்கு எந்த முகத்தோடு போவது?

ஜனவரி 20, சனி

மிதுனா இன்று குப்பை கொடுக்க வந்தபோது மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறியவள் மாதிரி. கிட்டே போனால் வாயில் கனிந்த பழ வாசம் அடித்தது. பழம் நிறையத் தின்னச் சொல்கிறார்களாம். பின்பக்கம் குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் கறுப்பாக எறும்பு மொய்த்துக் கிடந்தது. பொங்கல் பாத்திரம் கழுவியதாக இருக்கும்.

"அக்கா" என்றாள். என்ன கண்ணு என்றேன். "நீங்க இன்னும் எல்லாப் பொட்டலத்தையும் பிரிச்சுத்தான் பாக்கறீங்களா?"

"பின்ன? அந்த மகராசி கிடைக்கற வரைக்கும் பிரிப்பேன். கிடைச்சா நடு ரோட்டுல நிக்க வெச்சுக் கேப்பேன்."

"உங்களுக்கு நெசமாவே குத்திருச்சாக்கா?"

விரலைக் காட்டினேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எறும்பு, தாகம், பழ வாசம். படுத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எதற்கு நினைக்கிறேன் என்று தெரியவில்லை. கர்ப்பம்தான். கர்ப்பிணிகளுக்கு எல்லாம் வரும்.

ஜனவரி 23, செவ்வாய்

இவர் பழனிக்கு நடக்கக் கிளம்பிவிட்டார். எனக்குக் கால் வலி என்று நின்றுவிட்டேன். "உனக்காகவும் சேத்து நான் நடக்கறேன் புள்ள" என்று போனார். அழுகை வந்தது. நின்று அழுதேன்.

பச்சை கேட் வீட்டில் குப்பையைச் சாந்தாமணியம்மாளே கொண்டுவந்தார். மருமகள் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாளாம். நாளைக்கு டாக்டரிடம் காட்டுகிறார்களாம். காட்டட்டும்.

ஜனவரி 24, புதன்

தெருவுக்குள் நாங்கள் நுழையும்போதே பச்சை கேட் முன்னால் ஆம்புலன்ஸ் நின்றது. மிதுனாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். மூச்சு புஸ்ஸு புஸ்ஸென்று ஓடியது, ஆனால் கூப்பிட்டதற்குக் கண் திறக்கவில்லை. சாந்தாமணியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு, "புள்ளத்தாச்சிங்க, புள்ளத்தாச்சிங்க" என்று கத்தினார்.

ஆம்புலன்ஸ்காரர் விரலில் ஒரு குத்துக் குத்தி மிஷினில் வைத்தார். "சுகர் நம்பரே வரலீங்கம்மா, மிஷினுக்கு மேல போயிருச்சு. இன்சுலின் ஊசி போடற பொண்ணுங்களா?"

"எங்க ஊட்டுல ஆருக்குமே சுகர் கிடையாதுங்களே!"

வண்டி போய்விட்டது. நான் பச்சை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். மயிலாத்தாக்கா வந்து டப்பாவை வாங்கினாள். "நான் அன்னைக்கே சொன்னன்ல" என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ஜனவரி 25, தைப்பூசம்

பெரியாஸ்பத்திரிக்கு எதற்குப் போனேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்கத்தான் போனேன் என்று மயிலாத்தாக்காவிடம் சொன்னேன். ஊசி அவளுடையது என்று தெரிந்த பிறகு எனக்கு ஒரே கேள்விதான் இருந்தது. அவளுக்கு வேறு நோய் ஏதாவது இருக்கிறதா? சாகக் கிடக்கிறவளின் அறை வாசலில் அதைக் கேட்கத்தான் பஸ் ஏறினேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் அவள் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். சாந்தாமணியம்மாளும் பையனும் காலையில் வந்துவிட்டு, இப்படி ஏமாற்றிவிட்டீர்களே என்று சத்தம் போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். நான் அந்தத் தெருவில் வேலை செய்கிறவள் என்றேன்.

"தெய்வானக்காளுங்களா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "அங்க உங்ககூட மட்டுந்தான் வாயத் தொறந்து பேசறதுன்னு சொல்லுவாளுங்க."

கேட்காமலே எல்லாம் சொன்னார். பதினொரு வயதில் வந்த சர்க்கரையாம். மாத்திரை கேட்காது, ஊசி ஒன்றுதானாம். மூன்று இடம் இதனால் தட்டிப்போனதும், நான்காவதில் மறைத்துவிட்டார்கள். மருந்தைக் குளிர்ச்சிக்காக மண்சட்டித் தண்ணீரில் வைத்துத் துணி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். மாதம் ஒரு தரம் இந்த அம்மா பலகாரப் பையில் மருந்து கொண்டுவந்து கொடுப்பாராம்.

"போட்ட ஊசிய எங்கம்மா எறியறதுன்னு கேட்டா. செவப்பு வட்டம் போட்ட பொட்டலத்தை மாமியாளும் தொடமாட்டா, குப்பைக்காரரும் பிரிக்கமாட்டாங்க, அதுக்குள்ள வெய்யின்னு நான்தான் யோசனை சொன்னனுங்க. மூடி சரியாப் போடாத விட்டிருக்கறா. அப்பறம் ஒரு நாள் போன்ல அழுவறா. பிரிச்சுப் பாக்கறாங்கம்மா, ஆருக்கோ குத்திருச்சும்மா, நான் இனிப் போட மாட்டேன்னு. போடு சாமி, ஒரு நேரமாவது போடுன்னு கெஞ்சுனேன். ஒரே ஊசியவே திருப்பித் திருப்பிப் போட்டிருக்கறா. அப்பறம் அதையும் உட்டுட்டா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, "சுகரத் தவுத்து என்ர புள்ளைக்கு ஒரு குறையில்லீங்க. இங்க வந்ததும் எய்ட்ஸ் கிய்ட்ஸ், மஞ்சக்காமாலை எல்லா ரத்தமும் பாத்துட்டாங்க. ஒண்ணுமில்லீன்னுட்டாங்க" என்றார்.

சந்தோஷம் வந்தது. மறைத்து என்ன, அந்த இடத்தில், அந்தத் தாய் என் கையைப் பிடித்திருக்கும்போதே, வயிற்றிலிருந்து தொண்டை வரைக்கும் சந்தோஷம் வந்தது. எனக்கு ஒன்றுமில்லை. என் பிள்ளையை நான் கட்டிக்கொள்ளலாம். ஓவென்று அழுதுவிட்டேன். அந்தம்மா நான் மிதுனாவுக்காக அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார். அது பொறுக்கவில்லை.

"குத்துனது எனக்குத்தானுங்க" என்றேன். "பிரிக்கச் சொன்னதும் நான்தான். உண்டாயிருக்கறான்னு மாமியாகிட்டச் சொன்னதும் நான்தான்."

முதுகில் இருந்த கை நின்றுவிட்டது. "எந்தக் கைல?" என்றார். இடது கையை நீட்டினேன். நடுவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒரு தழும்புகூட இல்லை. கையை என் மடியிலேயே திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. எழுந்து போகச் சொல்லவும் இல்லை. நேரம் முடிந்தது என்று வாட்ச்மேன் விரட்டும் வரைக்கும் இரண்டு பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவள் கண் திறக்கவில்லை.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றம் முடிந்ததும் லீவு சொல்லிவிட்டு ஓடினேன். மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்க நம்பிக்கை மையத்துக்குப் போகவில்லை. நேராக அந்த பெஞ்சுக்குப் போனேன். அந்தம்மா நகர்ந்து இடம் விட்டார்.

மத்தியானம் நர்ஸ் கதவைத் திறந்து, முழிச்சிருக்கிறாள், ஒருத்தர் வாங்க என்றார். அந்தம்மா போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, "உங்களைக் கேக்கறா" என்றார்.

இந்த இருபது நாளில் எத்தனையோ பயந்திருக்கிறேன். கதவு வரைக்கும் நடந்த அந்தப் பயம் மாதிரி ஒன்று இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நின்றேன். என்ன சொல்லித் திட்டுவாள், எப்படிப் பார்ப்பாள்?

கையிலும் மூக்கிலும் குழாய். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் பேச முயன்றாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இனிமே எங்கங்க்கா போடறது?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஊசியைத்தான் கேட்கிறாள். செத்துப் பிழைத்து முதலில் கேட்கிற கேள்வி அது.

"என்ர கையில குடு கண்ணு" என்றேன்.